பந்தியோடு போட்டி போட்ட பாட்டு

அண்ணன் கல்யாண வரவேற்பில் நான் செய்த எலக்ட்ரானிக் நடனப் பாட்டைப் போடுவதென்று முடிவானது. இடம், வலையபட்டியில் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு பெரிய வீடு. மைக்செட்காரர் பாட்டைக் கேட்கவில்லை. நிபந்தனையை மட்டும் சொன்னார்.

"சனம் பந்திக்கு எந்திரிக்க ஆரம்பிச்சா வேற பாட்டுக்கு மாத்திருவேன்மா. கோவிச்சுக்கிறாதீக."

பொறியியல் படிப்பும் சம்பளத்தில் வாங்கிய கருவிகளும் கடைசியில் மட்டன் சுக்காவோடு மோத வேண்டும். எதிராளி பலசாலி.

தாளமெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும் உச்சத்தை ட்ராப் என்போம். என் பாட்டில் அது மூன்று முறை வரும். மூன்றும் நகலெடுத்து ஒட்டியவை. வீட்டில் போட்டுக் கேட்டபோது அடுத்த அறையிலிருந்து அப்பா, "என்னத்தா, கேசட் சிக்கிருச்சா?" என்றார். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கேசட் ஒழிந்துவிட்டது. கேலி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சரி, மாற்றுவோம் என்று பட்டியல் போட்டேன். இரண்டாவது ட்ராப்புக்குப் புது மெட்டு, தலைகீழாக ஓடவிட்ட சிம்பல் தாள ஒலி, துண்டு துண்டாக வெட்டிய குரல், தவில். மூன்றாவதற்கு இவை அத்தனையும், கூடவே நாகஸ்வரம். கல்யாணமாயிற்றே. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"நல்லாருக்கு. மூணு பாட்டும் நீயே செஞ்சதாடி?"

அன்று சாயந்தரம் வழக்கம்போல ஜெபமாலை. அப்பா முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொன்னோம். பக்தியாக இருக்கவேண்டிய நேரத்தில் நான் ஒலிப்பதிவு வேலையில் இருந்தேன். அம்மா ஒருநாளும் அப்பா முடிக்கக் காத்திருப்பதில்லை. அவர் கடைசிச் சொல்லில் இருக்கும்போதே இவர் குரல் ஏறிவிடும். அடுப்பில் குழம்பு இருந்தால் இன்னும் சீக்கிரம். ஜெபமாலையின் அடுத்த பத்து மணிகளை அண்ணன் தொடங்கினான். சொற்கள் அவையே, குரல்தான் வேறு. கேசட் சிக்கியதாக யாரும் புகார் சொல்லவில்லை.

மாதா மன்னிப்பாராக, ஜெபம் முடிந்ததும் நேராகக் கணினிக்குப் போனேன். சேர்த்ததையெல்லாம் அழித்தேன். மெட்டு பழையதேதான். இரண்டாவது ட்ராப்பில் அதே மெட்டை வேறொரு ஒலிக்குக் கொடுத்தேன். முந்தைய வரி முடிவதற்குள் பேஸ் என்னும் அடிநாதம் நுழைந்தது. மூன்றாவதில் சேர்க்கவில்லை, எடுத்தேன். முதல் அடி விழவேண்டிய இடத்தில் ஒரு சின்ன நிசப்தம்.

வரவேற்பில் முதல் ட்ராப்புக்குச் சித்தப்பா பிள்ளைகள் ஆடினார்கள். இரண்டாவது வருமுன் முன்வரிசையில் பெரியப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மைக்செட்காரரின் விரல் பொத்தானுக்குப் போனது. அவசரப்பட்ட பேஸ் அந்த நேரம் பார்த்து நுழைந்தது. பெரியப்பா திரும்பினார். தலையை ஆட்டினார். நின்றுகொண்டார்.

மூன்றாவதில் என் நிசப்தம் வந்தது. ஆடியவர்கள் "ஏய்" என்று கத்தி அதை நிரப்பினார்கள். ட்ராப் விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்றிருந்தார்கள். அம்மா நின்றபடி கைதட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து மைக்செட்காரரும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. என் வாழ்க்கையின் முதல் கச்சேரி வெற்றி.

பந்தியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கமாகக் கேட்டேன், "எப்படிம்மா இருந்துச்சு?"

"அதேதான திரும்பத் திரும்ப வந்துச்சு."

"பெறகு எதுக்கு எந்திரிச்சு கைதட்டுன?"

அம்மா சுக்காவைச் சோற்றோடு பிசைந்தார்.

"சத்தம் நின்னுச்சு. முடிஞ்சுருச்சுன்னு கையத் தட்டிட்டுப் பந்திக்குக் கெளம்புனேன். எல்லாருந்தான் கெளம்புனாக. அதுக்குள்ள மறுபடியும் ஆரம்பிச்சுட்ட."