பதினோரு பேருக்காக நடந்த லிஃப்டக்கா

அந்த ஐந்து மாடி அலுவலகத்தில் லிஃப்ட் பழுதாகி ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கோப்புகள் ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஒரு அலுவலக உதவியாளரின் கையில்தான். அதனால் அவருக்கு லிஃப்டக்கா என்று பெயர் வைத்தார்கள். லிஃப்டை ரிப்பேர் செய்வதைவிடப் பெயர் வைப்பது சுலபம். வயது ஐம்பத்து நான்கு, இரண்டு முழங்காலும் தேய்ந்தாயிற்று. வீட்டிலிருந்து அரை மணி நேரம் நடந்து வந்து சேர்ந்த பிறகுதான் அவருடைய நடையே ஆரம்பிக்கும்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. கீழ்த்தளத்துத் தபால் பிரிவில், ஜன்னலோர நாற்காலி ஒன்று மூன்று மாதத்தில் காலியாகப்போகிறது. உட்கார்ந்தபடியே வருகிற தபாலுக்கு முத்திரை குத்தவேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்டு மனு எழுதி, நான்காம் மாடிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அரசாங்கத்துக்கு மக்களின் உடம்பின்மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. நடங்கள், சைக்கிள் ஓட்டுங்கள் என்று தெருவெல்லாம் பலகை நட்டார்கள். நட்டது நடைபாதையின் நட்டநடுவில் என்பதால், நடப்பவர்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். அலுவலக வாசலில் சைக்கிள் நிறுத்தக் கூரை போட்டார்கள். இயக்குநரின் காருக்கு நல்ல நிழல் கிடைத்தது. லிஃப்டக்காவின் கணவர் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். "எல்லாரும் சைக்கிள் ஓட்டணும்னு மந்திரி பேசுன நாள்லேர்ந்து நான் கடையில ஈ ஓட்டிட்டிருக்கேன்" என்றார்.

அதிகாரிகளுக்கு, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள, காலடி எண்ணும் பட்டை ஆளுக்கொன்று வந்தது. தினம் எட்டாயிரம் அடி நடக்கவேண்டும். மூன்று மாதத்தில் அதிகம் நடந்த அலுவலகத்துக்குக் கேடயம். உதவியாளர்களுக்குப் பட்டை கிடையாது. அவர்கள் நடந்தால் அது வேலை, அதிகாரி நடந்தால்தான் ஆரோக்கியம்.

இரண்டாம் நாளே கண்காணிப்பாளர் தன் பட்டையைக் கழற்றி நீட்டினார்.

"அக்கா, நீங்க எப்படியும் மேலயும் கீழயும் போயிட்டுத்தான் இருக்கீங்க. இதையும் கட்டிக்கிட்டுப் போங்களேன்."

"என் மனு என்னாச்சு சார்?"

"போட்டி முடியட்டும்க்கா. முடிஞ்ச மறுநாளே அனுப்பிடறேன்."

நாற்காலி ஆசை யாரை விட்டது. கட்டிக்கொண்டார். விஷயம் பரவி, ஒரே வாரத்தில் இடது கையில் ஆறும் வலது கையில் ஐந்துமாகப் பதினோரு பட்டை சேர்ந்தது. நடமாடும் வளையல் கடை மாதிரி படியேறினார். பட்டைக்கு அடியில் வியர்த்து, தோல் சிவந்து அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். அதிகாரிகள் நாற்காலியை விட்டு எழாமலே, டீயும் பிஸ்கட்டுமாக, தினம் பன்னிரண்டாயிரம் அடி நடந்தார்கள். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்பதைப் பார்த்த தலைமையகம், இது அபூர்வமான குழு உணர்வு என்று பாராட்டிக் கடிதம் அனுப்பியது. குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்றும் பதினான்காயிரம் அடி நடந்த இணை இயக்குநருக்கு 'நடைச்செம்மல்' பட்டம் கிடைத்தது. கை கூசாமல் வாங்கிக்கொண்டார்.

கேடயமும் கிடைத்தது. கூடவே பரிசாக ஒரு மருத்துவ முகாம், ஐந்தாம் மாடி அரங்கில். "அந்த டாக்டர்கிட்டயே முட்டிக்கு ஒரு சான்றிதழ் வாங்கிடுங்க, மனுவோட சேத்து அனுப்பிடறேன்" என்றார் கண்காணிப்பாளர். லிஃப்டக்கா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறிப்போனார். அன்றைக்கு மட்டும் பட்டைகள் அவரவர் கையில் இருந்தன.

டாக்டர் முழங்காலைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தார்.

"உங்க நடைப் பதிவு பூஜ்யம்னு வருதேம்மா. மூணு மாசமா ஒரு அடிகூட எடுத்து வைக்கல. முட்டி ஏன் வலிக்காது?"

"எனக்குப் பட்டையே தரல டாக்டர். நான் நடந்ததெல்லாம் இவங்க பேர்ல..." என்று கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் பத்து அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். கேடயம் மேசைமேல் மினுங்கியது. கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இவங்களுக்கு உக்காந்த வேலைதான் டாக்டர்."

லிஃப்டக்கா சட்டென்று இரண்டு கைகளையும் நீட்டினார். முழங்கைவரை பதினோரு சிவந்த கோடுகள். டாக்டர் அக்கறையாகக் குனிந்து பார்த்து, "அலர்ஜி" என்றார். அதற்கு ஒரு களிம்பு எழுதினார். முழங்காலுக்கு, 'தினமும் அரை மணி நேரம் நடை' என்று எழுதி, நடைப்பயிற்சி இயக்கத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் கோப்புக் கட்டோடு படியருகே காத்திருந்தார். அடுத்த சுற்றுப் போட்டி தொடங்குகிறது என்பதால் பட்டைகளும் தயாராக இருந்தன. லிஃப்டக்கா முதல் படியில் நிதானமாக உட்கார்ந்து, மருந்துச் சீட்டைப் பிரித்துக் காட்டினார்.

"தினமும் அரை மணி நேரம்னு அரசாங்க டாக்டரே எழுதியிருக்காரு சார். வீட்லேர்ந்து இங்க வர்றதுக்குள்ள அது முடிஞ்சிடுச்சு."

"சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"எங்க வீட்டுக்காரர் சைக்கிள்ல வருவாரு. அதுவும் அரசாங்கம் சொன்னதுதானே."

சீட்டில் முத்திரை இருந்தது. முத்திரைக்கு எதிராகப் பேசி அந்த அலுவலகத்தில் யாருக்கும் பழக்கமில்லை. மூன்று நாள் கோப்புகள் கீழேயே குவிந்தன. அதிகாரிகளின் நடை அடியோடு நின்றது. தலைமையகம் பதறிப்போய், பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் என்ன நோய் என்று கேட்டது. இணை இயக்குநருக்குக் கோபம் தலைக்கேறியது. நடைப்பயிற்சி இயக்கத்துக்கு ஒத்துழைக்காத குற்றத்துக்காக லிஃப்டக்காவைக் கீழ்த்தளத்துத் தபால் பிரிவுக்குத் தூக்கியடித்து உத்தரவு போட்டார். மாடியிலிருந்து இறக்கிவிடுவதைவிடப் பெரிய தண்டனை அவருக்குத் தெரியாது.

உத்தரவை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். கொண்டுபோக ஆளில்லை. கண்காணிப்பாளரே நான்கு மாடி இறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார். லிஃப்டக்கா அதை வாங்கி, காலியாகிவிட்ட ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, உத்தரவை இரண்டு முறை படித்தார்.

"இதுக்கு இன்னொரு நகல் வேணும் சார்" என்றார். "மேல இருக்கு. போய் எடுத்துட்டு வந்துடுங்க."