கப்பலுக்கு எவ்வளவு சத்தம்?

மைக்கைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் பேபி அக்காவுக்கு ஆகாது. "தட்டிப் பாக்கதுக்கு அது என்ன தேங்காயா?" என்று கையைப் பிடித்து விலக்குவார். அவர் சோதிக்கும் முறையே வேறு. வாயை அருகில் கொண்டுபோய், "சீலா... பாறை... ஊளி... விளமீனு..." என்று மீன் ஏலத்தில் நிற்பதுபோல் சொல்லுவார். சீலாவில் காற்றுச் சீறல் தெரியுமாம், பாறையில் 'பா' வந்து இடிப்பது தெரியுமாம். கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குப் பசிதான் தெரியும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தின் கத்தோலிக்கக் கோயிலில் இருபது ஆண்டுகளாக அவர்தான் மைக்செட். வயது ஐம்பத்திரண்டு. கொண்டையில் பூ இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் செருகியிருக்கும். மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் மிக்சரின் குமிழ்களுக்குக் கீழே பிளாஸ்திரி ஒட்டி, "கத்துவார்", "முணங்குவா", "நேரத்துக்கு வரமாட்டான்" என்று பாடகர்களின் குணத்தை எழுதி வைத்திருக்கிறார். முதல் பட்டம் பாடற்குழுத் தலைவர் ரோச் வாத்தியாருக்கு. அவருக்கும் அது தெரியும்.

கோயிலின் குழாய் ஒலிபெருக்கிகளில் இரண்டு கடலைப் பார்த்து இருக்கும். வள்ளத்தில் கிடப்பவர்களுக்கும் பூசை கேட்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். தொலைவு கூடினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், அக்காவுக்கு இதுதான் வேதம். அதனால்தான் போன ஆண்டு பெருவிழாத் திருப்பலியை இணையத்தில் நேரலையாக விட்டபோது மாட்டிக்கொண்டார். மிக்சரின் ஒலியைக் கணினிக்குள் அனுப்ப, உள்ளங்கை அகலத்தில் ஓர் இன்டர்பேஸ் பெட்டி வாங்கியிருந்தார்கள். முனை பொருந்துகிறதே என்று மிக்சர் வயரை அதன் மைக் துளையில் செருகினார். பார்க்கப்போகிறவர்களோ கப்பலில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள். "வள்ளத்துக்கே இவ்வளவு வைக்கோம். இவனுவ துபாயத் தாண்டில்லா கெடக்கானுவ" என்று பெட்டியின் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டார். ஒலி மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. கப்பல்களில் அன்று தகரக் கூரையில் ஜல்லி கொட்டுவதுபோல் கேட்டதாம்.

இந்த ஆண்டு பெருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் டெல்பின் வந்து நின்றார். கணவர் டெரன்ஸ் கப்பல் இன்ஜினியர். கடலுக்குப் போய் எட்டு மாதம். மகள் அனிஷா திருப்பலியில் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலை முதன்முறையாகப் பாடப்போகிறாள்.

"அக்கா, பிள்ள சத்தம் அவ அப்பாவுக்கு நல்லபடியா கேக்கணும். போன வருசம் மாதிரி ஆயிரக் கூடாது."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. மதியம் வரை பெட்டியோடு மல்லுக்கட்டினார். கடைசியில் பிடிபட்டது. மைக்கிலிருந்து வருவது மிகச் சன்னமான ஒலி; அதைப் பல மடங்கு பெரிதாக்கத்தான் மைக் துளை. மிக்சரோ ஏற்கெனவே பெரிதாக்கித்தான் வெளியே விடுகிறது. அப்படி வருவதற்கு லைன் துளை தனியாக இருக்கிறது. "ஏளா டெல்பினு, உப்புப் போட்ட கொழம்புல திரும்பவும் ஒரு கை அள்ளிப் போட்டிருக்கேன்ளா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வயரின் முனையை மாற்றி லைன் துளையில் செருகினார். குமிழை அடிவரை இறக்கி, கொஞ்சமாக ஏற்றினார். ரோச் வாத்தியாரை வரவழைத்து உச்சத்தில் கத்தச் சொன்னார். தெரு நாய்கள் எழுந்து ஓடின. பெட்டியின் விளக்கு பச்சையாகவே இருந்தது.

"மேல கொஞ்சம் எடம் கெடக்கட்டும். பிள்ள பயத்துல எட்டிப் பாடிட்டாலும் கிழியாது" என்றார்.

மறுநாள் திருப்பலி தொடங்குமுன் வாத்தியார் பெட்டியை எட்டிப் பார்த்தார். "என்ன பேபி, லைட்டு செவக்கவே இல்ல? இது கப்பலுக்கு எங்கன போகும்? கொஞ்சம் தூக்கு" என்று விரலை நீட்டினார். அக்கா குமிழைக் கையால் பொத்திக்கொண்டார். "சத்தம் என்ன நடந்தா போகுது வாத்தியாரே? பேசாம பாடப் போங்க."

அனிஷா பாடினாள். முதல் வரியில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் நிமிர்ந்தது. நேரலை கப்பலைச் சேர அரை நிமிடம் ஆகும். டெல்பின் அக்காவின் அருகில் போனோடு நின்றார். போன் அதிர்ந்தது. டெரன்ஸ் எழுதியிருந்தார்: "பிள்ள வரிக்கு வரி மூச்சு எடுக்கது கூடக் கேக்குதுளா."

டெல்பின் அதைப் படித்துவிட்டுப் போனை அக்காவிடம் நீட்டினார். அனிஷா கடைசி வரிக்கு வந்திருந்தாள். அக்கா படித்தார். தன் காதிலிருந்த ஹெட்போனை ஒற்றைக் கையால் கழற்றி டெல்பினுக்கு மாட்டிவிட்டார். மற்றக் கையைக் குமிழிலிருந்து எடுக்கவில்லை.