அப்பாவைக் காட்டிக்கொடுத்த கலைவிழா

என் அப்பா ஒரு கொலைகாரர் என்பதைக் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத் தமிழர்களுக்கு முதலில் சொன்னது நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது.

எல்லாம் மாமா கொண்டுவந்த ஒரு வீடியோ கசெற்றால் வந்த வினை. படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் இங்கிலாந்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மேடை நாடகத்தைப் படமாக்கியிருந்தார்கள். ஆகவே படத்தில் யாரும் அறையை விட்டு வெளியே போகமாட்டார்கள், ஓயாமல் கதைப்பார்கள். "உது எங்கட ஆக்களுக்கெண்டே எடுத்த படம். மேடையில போட ஒரு செற்றியும் நாலு கதிரையும் காணும்" என்று சொல்லி, மாமா அதைத் தமிழில் மறுபடி நாடகமாக்கினார். தமிழ்ப் பள்ளிக்கூடக் கலைவிழாவில் போடுவதாக ஏற்பாடு.

ஒரு கொலையை விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர்தான் கொலைகாரன். கதையின் உயிரே அதில்தான் இருந்தது. அந்த இன்ஸ்பெக்டர், அப்பா. ஒத்திகை எங்கள் வீட்டில் நடந்ததால் எனக்கு எல்லாம் தெரியும். "ஆரிட்டையாவது சொன்னியோ, நாடகம் அதோட சரி" என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

விழாவன்று நான் முன்வரிசையில், அம்மாவின் மடியில். ஒரு பாவமும் அறியாதவராக நடித்த சித்தப்பாவின் கையில் அப்பா விலங்கை மாட்டினார். சித்தப்பா உண்மையாகவே அழுதார். அப்பா சபையைப் பார்த்துத் திரும்பினார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டேயிருந்தது. அவருடைய கண்கள் தேடித் தேடி என்னிடம் வந்து நின்றன. பாவம், பொய் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

மடியிலிருந்து குதித்துக் கத்தினேன். "அப்பா, சித்தப்பாவை விடுங்கோ! நீங்கள்தானே சுட்டனீங்கள்!"

மண்டபம் அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் மாமா தலையில் அடித்துக்கொண்டது எங்கள் வரிசைக்குக் கேட்டது. அப்பா விலங்கைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார். "ஓம் பிள்ளை, நான்தான்."

திரை விழுந்தும் கைதட்டல் ஓயவில்லை. "கொலைகாரனெண்டாலும் குடுத்துவைச்ச மனுசன்" என்றார் பக்கத்திலிருந்த அக்கா ஒருவர்.

மாமா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு, அந்த முடிவைத் தானே எழுதியதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அப்பாவோ மேடையிலிருந்து நேரே வந்து என்னைத் தூக்கிக் கொஞ்சினார், விடாமல் கொஞ்சினார். உண்மை பேசியதற்கான பரிசு என்று எடுத்துக்கொண்டேன். உண்மை சொன்னால் மண்டபமே எழுந்து கைதட்டும் என்று பல வருஷம் நம்பினேன். அந்த நம்பிக்கையைத் தந்த அத்தனை பேருக்கும் இன்றும் நன்றியுடையவள். அந்த இடத்தில் அப்பா பேசவேண்டியிருந்தது இரண்டு பக்க வசனம் என்பதும், அதில் முதற்சொல்கூட அவருக்கு நினைவு வரவில்லை என்பதும் அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?