விதையில்லாத குலை

ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கித் தோலெடுக்கும் வேலை எங்கள் வீட்டில் ஸொராய்தாவுடையது. என் தம்பி வில்மெரின் மனைவி. இரண்டு விரலால் ஓர் அழுத்து. பருப்பு ஒரு பக்கம் விழும், தோல் ஒரு பக்கம் விழும். வாயும் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஒரு கிண்ணத்தோடு அவள் எதிரே உட்காருவேன். நான் ஒரு பிடி முடிப்பதற்குள் அவள் பாத்திரத்தையே முடித்துவிட்டு, "அண்ணி, மொச்சையை உரிக்கிறீங்களா, இல்ல அதுக்குத் தாலாட்டுப் பாடுறீங்களா?" என்பாள்.

அயாகூச்சோ மலையிலிருந்து திராட்சை அறுவடைக்காக எங்கள் ஊரான இக்காவுக்கு இறங்கி வந்தவள். ஒரு பருவம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் எண்ணம். நான் வேலை பார்க்கும் பேக்கிங் கொட்டகையில் என் பக்கத்து மேசை அவளுக்குக் கிடைத்தது. குலையைக் காம்பில் பிடித்துத் தூக்கி, அழுகலையும் சூம்பலையும் கத்தரியால் நறுக்கிவிட்டுப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் தம்பி கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். அதுவரை அவன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தவனில்லை. கல்யாணம் முடிந்து, எங்கள் அம்மா ஒத்திலியா இருக்கும் வீட்டுக்கே ஸொராய்தா வந்துவிட்டாள்.

முதல் கர்ப்பத்தில் வாந்தி நிற்கவேயில்லை. மாதத்துக்கு மீறி வயிறு தெரிந்தது. "ரெட்டைப் புள்ளை" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு நிறத்தில் நூல் வாங்கிப் பின்ன உட்கார்ந்தாள். பிறகு ரத்தம் பட்டது. ஸ்கேன் அறைக்குள் நான்தான் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குழந்தை இல்லை, நஞ்சுக்கொடியாக வளர வேண்டியது நீர்க் குமிழிகளாக ஊதிக்கொண்டு போய்விட்டது, முத்துப்பிள்ளை என்பது இதைத்தான் என்றார். "பார்க்க ஒரு திராட்சைக் குலை மாதிரி இருக்கும்."

ஸொராய்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த ரகம் டாக்டர்? விதை உள்ளதா, இல்லாததா?"

சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. "விதையில்லாதது" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகுதான் இவள் அழுதாள்.

ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்று இப்படி ஆகுமாம். கரு உண்டாகும்போதே நேர்ந்த கோளாறு; அவள் தின்றதாலோ தூக்கியதாலோ வந்ததில்லை. மயக்க மருந்து கொடுத்து உறிஞ்சி எடுத்தார்கள். அதோடு முடியவில்லை. வாராவாரம் ரத்தம் கொடுக்க வேண்டும். கர்ப்பத்தில் ஊறும் சுரப்பு ரத்தத்தில் குறைந்து குறைந்து இல்லாமல் போக வேண்டும். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் திரும்ப வளரும். நடுவில் புதிதாகக் கர்ப்பமானால் ஏறுகிற சுரப்பு எதனுடையது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் கர்ப்பத் தடை மாத்திரை. ஆனால் மாதா கோயிலே கதியென்று கிடக்கும், கர்ப்பத் தடை பாவம் என்னும் அம்மாவிடம் அதைப் பற்றி யார் பேசுவது? தினமும் காலையில் காபியோடு வில்மெரே அதை எடுத்துக் கொடுப்பான். எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

அம்மாவுக்கு வேறொரு காரணம் இருந்தது. "நாளெல்லாம் திராட்சைக்கு நடுவுல நின்னா, வயித்துல திராட்சை காய்க்காம மாங்காயா காய்க்கும்?"

"உங்க மகன் கோழிப் பண்ணையிலதான வேலை பாக்குறாரு அத்தை? இதுவரைக்கும் ஒரு முட்டை போடலையே!"

அம்மா பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். ஆனாலும் அன்று மருமகளுக்குத்தான் கோழிச் சாறு பெரிய கிண்ணத்தில் வந்தது.

அந்த மாத்திரையைத் தவிர ஸொராய்தாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு எனக்கும் வாய் திறந்தது. என் முதல் கர்ப்பம் கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, நான் வலியில் சுருண்டு விழுந்தேன். வயிற்றைத் திறந்து குழாயோடு எடுத்தார்கள். என் இரண்டு பிள்ளைகளும் மிச்சமிருந்த குழாயின் புண்ணியம். இதை அங்கே நான் சொன்னதேயில்லை. உடனே லேபிள் ஒட்டும் ஒருத்தி, "எனக்கும் குழாய்தான், சீக்கிரமே கண்டுபிடிச்சதால வெட்டாம ஊசியிலயே கரைச்சுட்டாங்க" என்றாள். மூலையிலிருந்து இன்னொருத்தி கையைத் தூக்கினாள். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ இப்படி என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த மேசையில் நம்பினேன்.

ஸொராய்தா எழுந்து நின்றாள். "குழாய்க்காரிங்கல்லாம் ஒரு கூட்டம். நான் ஆயிரத்துல ஒருத்தி. இந்த வருஷம் திராட்சைத் திருவிழாவுக்கு நான்தான் ராணி. கிரீடத்தை எடுத்துட்டு வாங்கடி!"

சில வாரம் சுரப்பு நன்றாக இறங்கியது. பிறகு அப்படியே நின்றது. பிறகு ஏறியது. மறுபடி ஸ்கேன், நெஞ்சுக்கு எக்ஸ்ரே. புதுக் கர்ப்பம் இல்லை, தங்கிய துணுக்குத்தான் வளர்கிறது, நுரையீரலுக்கு இன்னும் போகவில்லை என்றார் டாக்டர். லேபிள்காரிக்குப் போட்ட அதே மருந்தை இவளுக்குப் பல முறை போட வேண்டும். இந்த நிலையில் ஆரம்பித்தால் அநேகமாக எல்லோருக்கும் குணமாகிவிடும், கருப்பையும் பிழைக்கும். ஆனால் முடிந்த பிறகும் ஒரு வருடம் குழந்தைப் பேச்சு கூடாது. திங்கட்கிழமை முதல் ஊசி.

'ஏறியிருக்கிறது' என்பது மட்டும் அம்மா காதில் விழுந்தது. அப்படியானால் புதுக் கர்ப்பமேதான் என்று மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை ஒன்றை வாங்கிவந்து மருமகளிடம் கெஞ்சியிருக்கிறாள். இவளும் போகட்டும் என்று பார்த்திருக்கிறாள். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் அம்மா அதை எடுத்து வைத்தாள்.

"ரெண்டு கோடு. நாளைக்கு ஊசியப் போட்டா இந்தப் புள்ளை என்னாகும்?"

"கோடு வரும்னு நான் முன்னாடியே சொன்னேன்ல அத்தை? உள்ள இருக்குற துணுக்கும் அதே சுரப்பத்தான் விடுது. புள்ளை எது, களை எதுன்னு அட்டைக்குத் தெரியாது."

"அந்த டாக்டரே ஒரு பொடுசு. ஒரு மாசம் பொறுப்போம். வயிறே சொல்லிடும்."

"ஒரு மாசத்துல அது நெஞ்சுக்கு ஏறிடும்மா" என்றேன் நான்.

"உன்ன யாரும் கேக்கல, நேலிதா. வில்மெர், நீ சொல்லு. புள்ளையா இருக்க வழியே இல்லையா?"

வில்மெர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஸொராய்தா அவனையே பார்த்தாள். அவன் என்ன சொன்னாலும் நாளை அவள் ஊசிக்குப் போவாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவன் இப்போது வாயை மூடிக்கொண்டால், இந்த வீட்டில் அவள் வயிற்றுப் பிள்ளையைக் கொன்றவளாகவே காலம் தள்ள வேண்டும்.

"இல்லம்மா" என்றான்.

"நீ எப்படிச் சொல்ற?"

"மாத்திரை சாப்பிடுறா. தினமும் காபியோட நான்தான் எடுத்துக் குடுக்குறேன். ஒரு நாள் தவறல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் வீட்டுல, என் காபியில..."

"காபியில கலக்கலம்மா. கூடத்தான் குடுத்தேன்."

ஸொராய்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது. மேசைக்கு அடியில் அவள் கால் தம்பியின் காலைத் தட்டியதை நான் பார்த்தேன். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நீங்களும் வாங்களேன் அத்தை. அந்த ஊசி போட்டா வாயெல்லாம் புண்ணாகும்ங்குறாங்க. எனக்குப் பதிலா டாக்டரோட சண்டை போட ஓர் ஆள் வேணும்ல?"

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். நாற்காலி முதுகில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வருவீங்களா?"

"புண்ணான வாய்க்குச் சாறுதான் இறங்கும். கோழி வாங்கணும்" என்று அம்மா எழுந்து வெளியே போனாள்.