பன்னிரண்டு பாலங்களும் ஒரு விசாவும்

எண்பதுகளின் நடுவில் மஸ்கட், ரூவியில், சாலை போடும் கம்பெனி ஒன்றில் வரைபடம் கீறும் வேலையில் இருந்தேன். எங்கள் அறையின் மறுகோடியில் ஆலோசகராக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். பிரிட்டிஷ் இராணுவத்தின் ஓய்வுபெற்ற மேஜர். பத்தொன்பது வயதில் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, தமிழ்ச் சிப்பாய்களை வைத்துப் பாலம் கட்டியே பதவி உயர்ந்தவர். தமிழையும் அவர்களிடமே கற்றதால், தேநீர் கேட்டால்கூட அணிவகுப்புக்குக் கட்டளையிடுவது போலிருக்கும். "டீ! சீக்கிரம்!" என்றால் அறை முழுவதும் நிமிர்ந்து உட்காரும்.

அந்த வருடம் அவருடைய விசா முடிய இருந்தது. அறுபத்தாறு வயதானவரை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான ஓமானி முதலாளி, கேட்டிருந்தார். புதுப்பிக்காவிட்டால் மேஜர் இங்கிலாந்துக்குப் போகவேண்டும். அங்கே அவருக்கு யாருமில்லை. மனைவியை மஸ்கட்டில்தான் அடக்கம் செய்திருந்தார்.

யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் மேனேஜர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, கஃபீலுக்குக் காட்ட ஆளின்ரை சேவிஸ் விபரத்தை ஒரு பக்கத்திலை டைப் அடிச்சுத் தாரும். பெரிய விஷயங்கள் மட்டும்."

இரண்டு பிற்பகல்கள் மேஜர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆண்டு, இடம், பாலம், நீளம். பர்மா, பிறகு ஏடன், பிறகு ஓமானின் மலைகள். பலவற்றுக்கும் ஒரு வால் இருந்தது. "அது போச்சு. வெள்ளம். என் தலைக்கு மேல ரெண்டு முழம் தண்ணி."

"அந்தப் பாலங்களிலை ஆர் போனது, சேர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க படை. வேற யாரு?" என்றார்.

கட்டியதன் இன்றைய நிலையைக் குறிக்காத பதிவு முழுமையானதல்ல என்று தொழில்நுட்பக் கல்லூரியில் படித்திருந்தேன். ஆகவே அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: 'இப்போது'. பன்னிரண்டு பாலங்களில் ஏழுக்கு நேரே 'இல்லை, வெள்ளம்' என்று அடித்தேன்; அவற்றில் பெரும்பாலானவை ஓமான் மலைகளில் இருந்தவை. மேனேஜர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள்தான் பிரதியைப் பார்த்தார். "ஏழு பாலம் உடைஞ்சு போச்சுது எண்டு கஃபீலுக்கு எழுதி அனுப்பியிருக்கிறீரே! இனி ஆளை அனுப்ப வேறை காரணம் வேணுமோ?"

மேஜர் பிரதியை வாங்கிப் பார்த்து, "உண்மைதானே" என்றார். அது இன்னும் வலித்தது.

இரண்டு நாள் கழித்து மேஜரையும் மேனேஜரையும் கஃபீல் கூப்பிட்டார். கம்பெனி அடுத்துப் போடவிருந்த சாலை பல வாதிகளைக் கடக்க வேண்டியிருந்தது. மழை பெய்தால் மட்டும் ஆறாகும் பள்ளங்கள் அவை. கஃபீல் தரையில் வரைபடத்தை விரித்து, 'இல்லை' என்ற வரிகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாராம்: தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மாதம், எவ்வளவு உயரம்?

"நிக்கிற பாலம் ஒண்டைப் பற்றியும் அந்தாள் கேக்கேல்லை, பிள்ளை," என்றார் மேனேஜர், இன்னும் நம்பாதவராக. விசா ஒரு வருடத்துக்குக் கிடைத்தது.

மேஜர் நேரே என் மேசைக்கு வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பிரதியை என் முன்னால் வைத்தார்.

"மூணாவது வரி தப்பு. வெள்ளம் இல்ல, நம்ம லாரி. பாரம் அதிகம். போகச் சொன்னது நான்."

"இதைக் கஃபீலுக்கும் சொல்லிப்போட்டியளோ, சேர்?"

"சொன்னேன். அதான் ஒரு வருஷம். இல்லேன்னா ரெண்டு குடுத்திருப்பார்."