தூக்குப் போடுகிறவன் வேஷம்

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் என் நண்பன் ஒருவனும் ஒரே லைனில் வேலை பார்த்தோம். தொழிற்சங்க நாடகக் குழுவிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். வெள்ளைக்காரன் காலத்தில் கல்லாவிப் பக்கம் பண்ணையாரை வெட்டிக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்ட ஒரு கூலியாளின் கதையைப் போட்டோம். கூலியாளாக அவன் நடித்தான். உயரமாக இருந்ததால் தூக்குப் போடுகிறவன் வேஷம் எனக்கு வந்தது.

கடைசிக் காட்சியில் அவன் தலையில் கறுப்புத் துணியை மாட்டி, கழுத்தில், இழுத்தால் கழன்றுகொள்ளும் சுருக்கைப் போட்டு, விசையை இழுப்பேன். விளக்கு அணையும். அவன் பலகையை விட்டுக் கீழே குதித்துவிடுவான். துணி மாட்டியதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி உள்ளிருந்து ஏதாவது சொல்லிச் சிரிப்பு மூட்டுவது அவன் வழக்கம். "டீ சொல்லிட்டியாடா?" என்பான். இல்லையென்றால் எங்கள் சூப்பர்வைசர் மாதிரியே கன்னடத்தில் விரட்டுவான். உதட்டைக் கடித்துக்கொண்டு இழுப்பேன்.

கொலை நடந்த ஊர்ப் பக்கமே போட வேண்டும் என்று குழுவில் முடிவானது. கல்லாவியில் பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தோம். ஜனங்கள் பேச்சே இல்லாமல் பார்த்தார்கள். துணியை மாட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சுருக்கைச் சரிசெய்தபோதுதான் உள்ளிருந்து, "மெதுவாப்பா" என்று கேட்டது. கெஞ்சலாக இல்லை. காலில் முள் எடுக்கிறவரிடம் சொல்வதுபோல இருந்தது. என் கை விசையிலேயே நின்றுவிட்டது. வெளிச்சம் பார்க்கிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அவராகவே விளக்கை அணைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. பெண்கள் நேராகத் தெருக்குழாய்க்குப் போய், சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் போலக் கால் கழுவிக்கொண்டு வீடுகளுக்குள் போனார்கள். எங்களுக்குச் சோறு போட்ட அம்மாவும் வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தார்.

"கை கால் கழுவிட்டு உள்ள வாங்க," என்றார்.

திரும்பி வரும்போது வேனில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவனிடம் கேட்டேன்.

"நான் எங்கடா பேசினேன்? இன்னிக்கு எனக்கு நாக்கே எழும்பல."

விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கழுத்தைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். என்னை அவன் எப்போதும் 'டா' போட்டுத்தான் பேசுவான். 'ப்பா' போட்டு ஒருநாளும் பேசியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அடுத்து ஊத்தங்கரையில் நாடகம். அவன் போனான். தோள்பட்டை வலிக்கிறது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். என் வேஷத்தை வேறொருவர் போட்டார், நன்றாகச் செய்தார் என்றார்கள். இன்றும் நாங்கள் ஒரே லைனில்தான் இருக்கிறோம், சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். மெஷினில் அவன் குனியும்போது பின்கழுத்து தெரிந்தால் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.