எனக்கு மட்டும் தெரிந்த ஐந்து

பட்டம் பெற்று நெடுநாள் காத்திருந்த எனக்கு, ரயிலில் கார்ட் வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. எஞ்சியிருந்தது கண் பரிசோதனை மட்டுமே. சிவப்பும் பச்சையும் எனக்கு இரட்டைப் பிள்ளைகள் போல. எது எதுவென்று பிரித்தறிய இயலாது. பழுத்த கொச்சிக்காய் பறித்து வரச் சொன்னால் பச்சை மிளகாயோடு திரும்புகிறவன் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள்.

பசறையிலிருந்து பதுளைக்குப் பஸ் வளைந்து வளைந்து சென்ற வழியெல்லாம், தங்கை தன் கைபேசியில் பரிசோதனைப் படங்களைக் காட்டி வகுப்பெடுத்தாள். வட்டம் நிறைய வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்குமாம்.

"இது எழுபத்து நாலு."

"இருபத்தொண்ணு மாதிரி இருக்கே."

"நீங்க பார்க்காதீங்கண்ணே, சொல்லுங்க. பார்த்தா பிழையாயிரும்."

இன்னொரு படத்தில் எனக்கு ஓர் ஐந்து தெளிவாகத் தெரிந்தது. அவள் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல ஒன்னுமே இல்ல. சும்மா அஞ்சு, பத்துன்னு அடிச்சு விடாதீங்க."

பதுளையில் இறங்குவதற்குள் விடைகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன.

மருத்துவர் புத்தகத்தை விரித்தார். அதே படம். எழுபத்து நாலு என்ற விடை நாக்கு நுனியில் நின்றது. அப்போது ரயில் பாதையில் வரும் அப்புத்தளையின் பனிமூட்டம் நினைவுக்கு வந்தது. அதற்குள் இரு கொடிகளையும் கையில் வைத்துக்கொண்டு, எது நிறுத்தும் கொடி என்று பயணிகளிடம் விசாரிக்கும் கார்டைக் கற்பனை செய்து பார்த்தேன். ஒரு பட்டதாரியின் வேலையின்மையைத் தீர்க்க ஒரு ரயில் நிறைய மனிதர்களைப் பணயம் வைப்பது நியாயமாகப் படவில்லை.

"இருபத்தொண்ணுங்க" என்றேன்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். அந்த இன்னொரு படம் வந்ததும், "அஞ்சு" என்றேன். அருகில் நின்ற தாதி எட்டிப் பார்த்தார்.

"எங்கங்க அஞ்சு? எனக்கு ஒன்னும் தெரியலயே."

"உங்களுக்குத் தெரியாது மிஸ். இவர மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும்" என்றார் மருத்துவர்.

வேலை கைநழுவிய அந்த நிமிடத்தில், வர வேண்டிய துக்கத்தை முந்திக்கொண்டு பெருமிதம் வந்து உட்கார்ந்தது.

வெளியே காத்திருந்த தங்கை எழுந்து வந்தாள். "என்னண்ணே சொன்னாங்க?"

"வேலை இல்ல. என் கண்ணுக்குத் தெரிஞ்சதையே சொல்லிட்டேன்."

அவள் முகம் வாடியது.

"ஆனா அந்த அஞ்சு இருக்குதாம். டாக்டரே சொன்னாரு. அங்க இருந்த மிஸ்ஸுக்கே தெரியல."

கொஞ்ச தூரம் நடந்தாள். காய்கறிக் கடை முன் நின்று, பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"சரி, இருக்கட்டும். தக்காளிய நான் பொறுக்குறேன். நீங்க அதுக்குள்ள எங்கயாச்சும் அஞ்சு இருக்கான்னு பாருங்க."